நிகர எடை

ஆயிரத்து நூற்று அறுபது சதுரடி என்றான் நவநீதன்,
கண்ணங்குறிச்சி சைட் ஆபீஸில், டை கட்டிய பையன்.
காபி டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு
சூப்பர் பில்ட்-அப், என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டான்.
சூப்பர் என்றால் நல்லதுதானே என்று
நானும் முதலில் நினைத்தேன்.

பதினோரு வருஷமாக செவ்வாய்ப்பேட்டையில்
கொலுசுக் கணக்கு எழுதுகிறவள் நான்.
கல், அரக்கு, எனாமல், திருகு
எல்லாம் சேர்த்துத் தராசு காட்டுவது ஒரு எடை.
அதையெல்லாம் கழித்து
வெள்ளி மட்டும் நிற்பது இன்னொன்று.
முதல் எடைக்குப் பணம் கேட்டு யாராவது வந்தால்
எங்கள் முதலாளி கல்லாவைப் பூட்டிவிடுவார்.

இதில் அரக்கு எவ்வளவு, என்று கேட்டேன்.
அவனுக்குப் புரியவில்லை.
புரிந்தபோது கால்குலேட்டரை எடுத்தான்.

லிஃப்ட் இறங்கும் குழியில் எனக்கு ஒரு பங்கு,
படிக்கட்டில், ஜெனரேட்டர் மேடையில்,
வாட்ச்மேன் நாற்காலி போடும் இடத்தில்,
இன்னும் வராத ஜிம்மில்.
வெளிச்சுவரின் கனம் முழுக்க என் கணக்கு,
பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவரில் பாதிக் கனம்.
இத்தனையும் போக மிஞ்சுவது கார்ப்பெட் ஏரியா.
கம்பளம் விரிக்கிற அளவு மேடம், என்றான்.
என்னிடம் இருப்பது இரண்டு கோரைப்பாய்.
எண்ணூற்றுப் பன்னிரண்டு.

ஓ.டி.எஸ். என்று வரைபடத்தில் ஒரு கட்டம்.
வானத்துக்குத் திறந்தது என்று அர்த்தமாம்.
எட்டிப் பார்த்தேன்:
நாலு கழிவுக் குழாய், ஒரு புறா முட்டை,
மேலே கைக்குட்டை அளவு நீலம்.

ஹில் வியூவுக்கு சதுரடிக்கு நூற்றைம்பது கூடுதல்.
அந்தப் பணத்தை யாராவது
சேர்வராயன் மலைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்களா
என்று நான் கேட்கவில்லை.
எதிர் மனையில் தூணுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள்.
அது ஸ்டில்ட் ப்ளஸ் மூணுதான் மேடம்.
என்னுடையது இரண்டாவது மாடி.

பத்திர நகலை அஸ்தம்பட்டி வக்கீல் வாசித்தார்,
என் தீர்ப்பை வாசித்த அதே மூக்குக்கண்ணாடி.
பிரிபடாத பாகம், நானூற்று எண்பத்தாறு சதுரடி.
எங்கே இருக்கிறது சார் அது?
தனியாக எங்கேயும் இல்லைம்மா.
மற்ற முப்பத்தொரு பேரோடு கலந்திருக்கிறது.
வேலி போட முடியாது, இதுதான் என்று விரல் நீட்ட முடியாது,
கட்டடம் போனாலும் அது போகாது.
நான் சிரித்துவிட்டேன்.
பிரிப்பதற்கு என்று அவருக்கே
நாலு வருஷம் பீஸ் கட்டியவள்.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பதிவுக்கு முந்தின சாயங்காலம்
டேப்பை எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன்.
மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்பது
அங்கே போன பிறகுதான் உறைத்தது.
பிதாம்பர் வந்தான், வாட்ச்மேன், ஒடிசாக்காரன்,
செல்போன் டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு.
பூச்சிலிருந்து பூச்சு வரை.
அவன் இந்தியில் எண் சொல்ல
நான் தமிழில் எழுதினேன்.
எண்ணூற்று ஆறு.
மீதி ஆறு பூச்சில் போயிருக்கும், போகட்டும்.

இறங்கும்போது ஸ்டில்ட்டில் அவன் வீட்டைப் பார்த்தேன்.
வரைபடத்தில் அது பம்ப் ரூம்.
மோட்டார் மேல் ஒரு சின்னச் சட்டை காய்ந்தது.
அவன் மனைவி குழந்தைக்கு ஊட்டிக்கொண்டே
காலை மடக்கி எனக்கு வழி விட்டாள்.
டேப் என் கையில்தான் இருந்தது. நீட்டவில்லை.
அந்த இடத்துக்கு நவநீதனிடம் காமன் ஏரியா என்று பெயர்.
முப்பத்திரண்டில் ஒரு பங்கு
என் கடனில் வருகிறது.
வரவில் எழுதுவதா, பற்றில் எழுதுவதா,
பதினோரு வருஷக் கணக்குக்காரிக்குத் தெரியவில்லை.

வெளியே இருட்டிவிட்டது.
எதிர் மனைத் தூண்களுக்கு நடுவே
ஏற்காட்டுப் பாதையில் ஏதோ ஒரு பஸ்
கொண்டை ஊசி வளைவு திரும்பியபோது
வெளிச்சம் கொஞ்சம் இந்தப் பக்கம் விழுந்து போனது.
கேட்டைத் திறந்துகொண்டே கேட்டான்,
அக்கா, எப்போ வர்றது?
வெள்ளிக்கிழமை, பால் காய்ச்ச.
எத்தனை லிட்டர், என்றான் பிதாம்பர்.